வராதவர்களையும் எண்ணுங்கள்: போதை சிகிச்சை ஆய்வுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

போதை மீட்பு சிகிச்சைக்குப் புதிதாக வரும் மருத்துவரோ செவிலியரோ கவுன்சலரோ, யாராக இருந்தாலும் முதல் வருடத்துக்குள் மனதில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான். ‘முழு நாட்களும் தங்கி, எல்லா அமர்வுகளுக்கும் வந்தவர்கள் மீண்டுவிடுகிறார்கள். பாதியில் போனவர்களுக்கு விருப்பமில்லை’ என்று நம்பினேன். குடியை விட்டு ஒரு வருடம், இரண்டு வருடம் ஆனதைச் சொல்ல வந்தவர்களின் முகங்கள்தான் அதற்குச் சாட்சி. பிறகு ஒரு நாள் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அப்படி வந்தவர்களின் பெயருக்கு எதிரே ஒவ்வொன்றாகக் குறியிட்டுப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் குறியே இல்லாத பெயர்கள். அவர்கள் நன்றாக இருக்கிறார்களா, குடிக்கிறார்களா, உயிரோடுதான் இருக்கிறார்களா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் அனுபவம் என்று நினைத்திருந்தது, திரும்பி வந்தவர்களைப் பற்றிய அனுபவம் மட்டுமே.

இது எதிர்த் திசையிலும் ஏமாற்றும். பாட்ரிசியா கோஹனும் ஜேக்கப் கோஹனும் 1984-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு ‘சிகிச்சையாளரின் மாயை’ என்று பெயர் வைத்தார்கள். நோய் நீண்டு, திரும்பத் திரும்ப வருபவர்களையே நாம் அதிகம் சந்திக்கிறோம். சீக்கிரம் தேறியவர் நம்மிடம் வர வேண்டிய தேவையே இல்லை. அதனால் பல வருடம் வேலை பார்த்தவர்கள் சிலர், ‘இவர்கள் மாறவே மாட்டார்கள்’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான்: எதிரே இல்லாதவரை நாம் எண்ணுவதில்லை. ஆய்வு நமக்கு உதவுவது இந்த இடத்தில்தான். நல்ல ஆய்வு, வராதவர்களையும் எண்ணும். மோசமான ஆய்வு நம்மைப் போலவே அவர்களை மறந்துவிடும். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொண்டால், புள்ளியியல் பெரிதாகத் தெரியாமலேயே பாதி தூரம் கடந்துவிடலாம்.

படி 1: கேள்வியை நோயாளியிடமிருந்து எடுங்கள்

‘மது அடிமை நோய்க்கு என்ன மருந்து நல்லது?’ என்று தேடத் தொடங்கினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து விழும், ஒன்றும் கையில் நிற்காது. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரை வைத்துக் கேள்வியை அமையுங்கள். அவர் யார், நாம் செய்ய நினைப்பது என்ன, அதைச் செய்யாவிட்டால் வேறு என்ன செய்வோம், எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறோம் என்று நான்கு துண்டுகள் போதும்.

உதாரணமாக: நாற்பது வயதுக்காரர், பத்து வருடமாகக் குடிக்கிறார், டீடாக்ஸ் (போதையை நிறுத்தி, உடம்பிலிருந்து அது இறங்கும்வரை தரும் சிகிச்சை) முடித்து ஒரு வாரம் ஆகிறது. கவுன்சலிங்கோடு, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், கவுன்சலிங் மட்டும் கொடுப்பதைவிட, அடுத்த ஆறு மாதத்தில் மிகையாகக் குடிக்கும் நாட்கள் குறையுமா? இதை ஒரு சிறிய நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். எழுதிய கேள்விக்குத்தான் பதில் தேடுவோம். மனதில் வைத்திருக்கும் கேள்வி, கிடைக்கும் பதிலுக்கு ஏற்றபடி வளைந்துகொடுத்துவிடும்.

படி 2: தொகுப்பாய்வில் தொடங்குங்கள்

ஒரே கேள்வியைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் தேடிப்பிடித்து, தரம் பார்த்து, சேர்த்துக் கணக்கிடுவது தொகுப்பாய்வு. காக்ரேன் அமைப்பு 1993 முதல் இந்த வேலையைச் செய்கிறது. மது, போதைப்பொருள் சிகிச்சை பற்றிய தொகுப்பாய்வுகளும் அதில் உண்டு. மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் கட்டணமின்றித் தேடலாம். மருந்தின் வணிகப் பெயரைப் போடாமல் பொதுப்பெயரைப் போட்டு, தொகுப்பாய்வு (Systematic Review) என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். கட்டுரை முழுதாகத் திறக்கவில்லை என்றால், தொடர்புக்கு என்று மின்னஞ்சல் கொடுத்திருக்கும் ஆய்வாளருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

தொகுப்பாய்வு நம் கருத்தை மாற்றும் வலிமை உள்ளது என்பதற்கு ஒரு உதாரணம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற பன்னிரண்டு படி சுயஉதவிக் குழுக்களை ‘அறிவியல் இல்லாதது’ என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். 2020-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துக்கொண்டது. அந்தக் குழுக்களில் சேர முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் அது 35 சதவீதம். என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

படி 3: சுருக்கத்தைத் தாண்டி, ஆட்கணக்குப் படத்துக்குப் போங்கள்

ஒரு தனி ஆய்வை முழுதாகப் படிக்க உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது, பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக இருக்கும் அந்தப் படம். எத்தனை பேரை அணுகினார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், எந்தக் குழுவில் எத்தனை பேர், கடைசியில் யார் மிச்சம் என்று அதில் இருக்கும். இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்கப்போவது இந்தப் படியில்தான், காரணம் உண்டு.

ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்) அடிமை நோய்க்கு இரண்டு மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஒரு அமெரிக்க ஆய்வு, லான்செட் இதழில் 2018-இல் அச்சானது. மாதம் ஒருமுறை போடும் நால்ட்ரெக்ஸோன் ஊசி ஒரு பக்கம். தினமும் நாக்குக்கு அடியில் வைக்கும், ஓபியாய்டுக்கு மாற்றாகத் தரப்படும் புப்ரெநார்ஃபின்-நலாக்ஸோன் மறுபக்கம். மொத்தம் 570 பேர், 24 வாரம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்: ஊசிக்கு 283 பேர், புப்ரெநார்ஃபினுக்கு 287 பேர்.

இப்போது படத்தைப் பாருங்கள். ஊசிக்கு ஒதுக்கப்பட்ட 283 பேரில் 204 பேர்தான் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். நால்ட்ரெக்ஸோன், மூளையில் ஓபியாய்டு போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகளை அடைத்துவிடும் மருந்து. உடம்பில் ஓபியாய்டு இருக்கும்போது போட்டால் கடுமையான வித்ட்ராயல், அதாவது போதை திடீரென நின்றால் வரும் உடல் அவதி, வந்துவிடும். அதனால் முதலில் டீடாக்ஸை முழுதாக முடித்தாக வேண்டும். அந்த நாட்களைத் தாண்ட முடியாமல் போனவர்கள் 79 பேர். புப்ரெநார்ஃபின் பக்கம் 287 பேரில் 270 பேர் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள்.

மருந்தைத் தொடங்கியவர்களை மட்டும் எண்ணினால், ஊசிக் குழுவில் 52 சதவீதம், புப்ரெநார்ஃபின் குழுவில் 56 சதவீதம் பேர் பழக்கத்துக்குத் திரும்பினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இந்த வரியை மட்டும் படித்தவர் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று எழுந்து போய்விடலாம். ஆனால் குலுக்கலில் வந்த அத்தனை பேரையும் எண்ணினால் ஊசிக் குழுவில் 65 சதவீதம், புப்ரெநார்ஃபின் குழுவில் 57 சதவீதம். இப்போது வித்தியாசம் தெரிகிறது. இரண்டு கணக்குக்கும் இடையே பெரிதாக மாறியது ஒன்றுதான்: அந்த 79 பேர்.

முதல் கணக்கு பொய் இல்லை. அது வேறு கேள்விக்கான பதில். ஏற்கெனவே டீடாக்ஸ் முடித்து, ஊசிக்குத் தயாராக இருப்பவர் கேட்டால் முதல் கணக்கு அவருக்குப் பயன்படும். இன்னும் ஹெராயின் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், இன்று காலை உங்கள் கதவைத் தட்டிக் கேட்டால், அவருக்கு உரியது இரண்டாவது கணக்கு. ஏனென்றால் அவர் அந்த 79 பேரில் ஒருவராக ஆகிவிடலாம். குலுக்கலில் வந்த எல்லோரையும், அவர்கள் மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அந்தந்தக் குழுவிலேயே வைத்து எண்ணுவதற்கு ‘சிகிச்சை நோக்கப்படியான பகுப்பாய்வு’ (intention-to-treat) என்று பெயர். போதை சிகிச்சை ஆய்வுகளில் நான் முதலில் தேடுவது இந்தச் சொல்லைத்தான். மற்ற நோய்களில் சிகிச்சையை விட்டு ஒருவர் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இங்கே விட்டுப் போவது பெரும்பாலும் நோயின் வேலையே.

பயிற்சியாக, உங்களுக்குக் கிடைக்கும் முதல் ஆய்வில் இதைச் செய்து பாருங்கள். பேனாவை எடுத்து, படத்தின் மேல் பெட்டியில் உள்ள எண்ணிலிருந்து கடைசிப் பெட்டி எண்ணைக் கழியுங்கள். அந்த ஆட்களை ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்று முடிவுகள் பகுதியில் தேடுங்கள். ‘தொடர்பு விட்டுப்போனவர்கள் பழக்கத்துக்குத் திரும்பியதாகக் கொள்ளப்பட்டனர்’ என்று இருந்தால் கண்டிப்பான கணக்கு. ‘விடுபட்டவர்கள் பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை’ என்று இருந்தால் நிதானமாகப் படியுங்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அந்த முடிவை வைத்து உங்கள் நடைமுறையை மாற்றாதீர்கள்.

படி 4: எதை எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள்?

‘வெற்றி’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு ஆய்விலும் ஒவ்வொரு பொருள். ஒரு துளியும் குடிக்காமல் இருந்ததா, மிகையாகக் குடித்த நாட்கள் குறைந்ததா, சிகிச்சையில் நீடித்ததா, சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்ததா, உயிரோடு இருந்ததா? ‘ஒரு டிரிங்க்’ என்பதே இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க ஆய்வுகளில் அது 14 கிராம் ஆல்கஹால், குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்த ஆடிட் வினாத்தாளில் 10 கிராம், பிரிட்டனின் ஒரு யூனிட் 8 கிராம். மிகைக்குடி நாள் என்று ஆய்வுகள் பொதுவாகச் சொல்வது, ஆணுக்கு ஒரே நாளில் ஐந்தோ அதற்கு மேலோ, பெண்ணுக்கு நான்கோ அதற்கு மேலோ. இதைக் கவனிக்காமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிடக் கூடாது.

எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் உயிரே அடங்கியிருக்கலாம். ஓபியாய்டு டீடாக்ஸுக்காக உள்நோயாளிகளாகச் சேர்ந்த 137 பேரைப் பின்தொடர்ந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 2003-இல் வெளியானது. வெளியே வந்த நான்கு மாதங்களுக்குள் மூன்று பேர் அளவுக்கு மிஞ்சிய டோஸால் இறந்தார்கள். மூவருமே, திட்டத்தை முழுதாக முடித்து உடலின் தாங்குதிறனை இழந்திருந்த 37 பேர் கொண்ட குழுவைச் சேர்ந்தவர்கள். ‘டீடாக்ஸை முடித்தவர்கள்’ என்பதை மட்டும் வெற்றியாக எண்ணியிருந்தால் இந்த மூன்று பேரும் வெற்றிப் பட்டியலில் இருந்திருப்பார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, டீடாக்ஸ் முடித்துப் போகும் யாரையும் ‘பழைய டோஸ் இனி உங்களைக் கொன்றுவிடும்’ என்று அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை.

காலமும் முக்கியம். புகைப்பழக்க மருந்துகளை 8,144 பேரிடம் சோதித்து 2016-இல் வெளியான ஈகிள்ஸ் ஆய்வில், 9 முதல் 12-ஆம் வாரம் வரை தொடர்ந்து புகைக்காதவர்கள் வரெனிக்ளின் என்ற மருந்து எடுத்த குழுவில் 33.5 சதவீதம், மருந்துப்போலி (மருந்து இல்லாத வெறும் மாத்திரை) எடுத்த குழுவில் 12.5. அதையே 24-ஆம் வாரம் வரை நீட்டிப் பார்த்தால் 21.8-ம் 9.4-ம். மருந்தின் பலன் நிற்கிறது, ஆனால் இரு பக்கமும் ஆட்கள் உதிர்கிறார்கள். மூன்று மாதத்தோடு முடிந்துவிடும் ஆய்வை வைத்து நோயாளிக்கு ஒரு வருடத்துக்கு உறுதி கொடுக்காதீர்கள்.

படி 5: எதோடு ஒப்பிட்டார்கள்?

ஒன்றுமே கொடுக்காத குழுவோடு ஒப்பிட்டால் எதுவும் ஜெயிக்கும். காத்திருப்போர் பட்டியலோடு ஒப்பிட்டதா, நல்ல கவுன்சலிங்கோடு ஒப்பிட்டதா என்று பாருங்கள்.

சிறிய ஆய்வு என்றால் ஒதுக்கிவிட வேண்டும் என்பதும் இல்லை. ஸ்வீடனில் 2003-இல் 40 ஹெராயின் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 20 பேருக்கு ஒரு வருடம் முழுக்க தினமும் 16 மில்லிகிராம் புப்ரெநார்ஃபின். மற்ற 20 பேருக்கு ஆறு நாளில் டோஸைக் குறைத்து நிறுத்தி, பிறகு மருந்துப்போலி. கவுன்சலிங் இரு பக்கமும் தீவிரமாகவே நடந்தது. ஒரு வருட முடிவில் மருந்துக் குழுவில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள், மறுபக்கம் ஒருவரும் இல்லை. மருந்துப்போலிக் குழுவில் நான்கு பேர் இறந்துபோனார்கள். நாற்பதே பேர்தான். ஆனாலும் ‘கவுன்சலிங் நன்றாக இருந்தால் மருந்து எதற்கு?’ என்று யாராவது கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆய்வுதான்.

யாருக்கு என்ன மருந்து என்று தெரியாமல் நடத்துவது பொதுவாக நல்லது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மதுவுக்கான மருந்தான டைசல்ஃபிரம், குடித்தால் உடம்பு படுத்தும் என்ற பயத்தின் வழியாகவே வேலை செய்கிறது. தனக்கு வந்தது மருந்தா, போலியா என்று தெரியாதபோது இரண்டு குழுவுமே பயப்படும், வித்தியாசம் மறைந்துவிடும். 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு இதைத்தான் கண்டது: வெளிப்படையாகக் கொடுத்த ஆய்வுகளில் பலன் இருந்தது, மறைத்துக் கொடுத்தவற்றில் இல்லை.

ஆய்வுக்குப் பணம் யார் தந்தார்கள், ஆய்வைத் தொடங்கும் முன் பதிவு செய்தபோது சொன்ன அளவுகோலும் கடைசியில் வெளியிட்ட அளவுகோலும் ஒன்றா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

படி 6: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

மேலே சொன்ன வரெனிக்ளின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 21.8-ஐ 9.4-ஆல் வகுத்தால் ‘இரண்டு மடங்குக்கு மேல் பலன்’. கழித்தால் 12.4. அதாவது நூறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாகச் சுமார் 12 பேர் புகையை விடுவார்கள், மீதிப் பேருக்கு அந்தக் கூடுதல் பலன் கிடைக்காது. 100-ஐ 12.4-ஆல் வகுத்தால் சுமார் 8. எட்டுப் பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவர். எல்லாமே உண்மைதான். முடிவெடுக்க உதவுவது கடைசி எண்.

மதுவுக்கான மருந்துகளில் 122 ஆய்வுகளைச் சேர்த்து 2014-இல் வந்த தொகுப்பாய்வு இப்படித்தான் சொன்னது: மறுபடி குடிக்கத் தொடங்குவதைத் தடுக்க அகாம்ப்ரோசேட் 12 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்குப் பலன். மிகைக்குடிக்குத் திரும்பாமல் தடுக்க 50 மில்லிகிராம் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையிலும் அதே 12. புதியவர்கள் இதைக் கேட்டதும் முகம் வாடிப்போகிறார்கள். வாட வேண்டாம். மருத்துவத்தில் அன்றாடம் தயங்காமல் எழுதிக் கொடுக்கும் பல மருந்துகளுக்கு இந்த எண் இதைவிடப் பெரிது. எந்த ஒரு மருந்தும் எல்லோருக்கும் போதாது என்பதால்தான் ஒன்று பலிக்காவிட்டால் அடுத்ததை முயல வேண்டும் என்பதும் இந்த எண் சொல்லும் செய்தி.

படி 7: உங்கள் நோயாளியை அந்த ஆய்வில் சேர்த்திருப்பார்களா?

யாரைச் சேர்க்கவில்லை என்ற பட்டியலைப் படியுங்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஒன்றுக்கு மேற்பட்ட போதைப்பொருள் எடுப்பவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் பல ஆய்வுகளில் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். நம்மிடம் வருபவர்கள் அவர்கள்தான். ஆய்வைப் பொறுத்தவரை இவர்களும் ஒருவகையில் வராதவர்களே.

அதற்காக ஆய்வைத் தூக்கிப் போடத் தேவையில்லை. ‘பலன் மாறும் அளவுக்கு, தீங்கு கூடும் அளவுக்கு என் நோயாளி வேறுபட்டவரா?’ என்று கேளுங்கள். நால்ட்ரெக்ஸோன் என்றால் அவர் வலிக்காக ஓபியாய்டு ஏதும் எடுக்கிறாரா, கல்லீரல் பரிசோதனை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அகாம்ப்ரோசேட் என்றால் சிறுநீரகம், கூடவே ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை போட அவரால் முடியுமா என்பது. கவுன்சலராக இருந்தால் இந்தச் சந்தேகங்களை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். அது அத்துமீறல் ஆகாது.

படி 8: கண்டதை நோயாளியிடம் சொல்லுங்கள்

நோட்டில் எழுதிய நாற்பது வயதுக்காரரிடம் வருவோம். அப்படி ஒருவரோடு நான் பேசியது ஏறக்குறைய இப்படி:

“சார், இந்த மாத்திரை போட்டா குடி நின்னுடுமா?”

“உங்களை மாதிரி பன்னெண்டு பேருக்குக் கொடுத்தா, கூடுதலா ஒருத்தர் பழையபடி மிகையா குடிக்கப் போகாம இருக்கார். அந்த ஒருத்தர் நீங்களான்னு எனக்கு இப்பத் தெரியாது. போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “இதுவரைக்கும் எல்லாரும் கண்டிப்பா நின்னுடும்னுதான் சொன்னாங்க. நிக்காதப்ப என் மேலதான் தப்புன்னு நெனச்சேன்.”

மருந்தைத் தொடங்கினோம். எத்தனை வாரம் பார்ப்பது, எது குறைந்தால் தொடர்வது, எது நடந்தால் மாற்றுவது என்று அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டோம்.

படி 9: செய்கிறோமா என்று சோதியுங்கள்

ஒரு சிகிச்சை நல்லது என்று அறிவது வேறு, அதைச் சரியாகச் செய்வது வேறு. மாறுவதற்கான காரணங்களை நோயாளியே சொல்லும்படி பேசும் ஊக்க நேர்காணல் முறையை 140 சிகிச்சையாளர்களுக்குக் கற்பித்து ஒப்பிட்டார்கள் வில்லியம் மில்லரும் அவர் குழுவினரும். 2004-இல் வெளியான முடிவு: பட்டறைக்கு வந்து போனவர்களைவிட, அதற்குப் பிறகு தங்கள் அமர்வின் ஒலிப்பதிவுக்குக் கருத்தும் தொடர் பயிற்சியும் பெற்றவர்கள் திறனைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஆகவே சான்றிதழோடு நிறுத்தாதீர்கள். நோயாளியின் ஒப்புதலோடு மாதம் ஒரு அமர்வைப் பதிவு செய்து, ஒரு சக ஊழியரோடு உட்கார்ந்து கேளுங்கள். நாம் எவ்வளவு பேசுகிறோம், அவரை எவ்வளவு பேச விடுகிறோம் என்பதைக் கேட்கவே முதலில் சங்கடமாக இருக்கும். நாம் வழக்கமாகச் செய்வதில் எதை விடலாம் என்றும் பாருங்கள். 2002-இல் மில்லரும் வில்பர்னும் 361 ஆய்வுகளை வரிசைப்படுத்தியபோது, மதுவின் தீமைகளைப் பற்றிய விரிவுரைகளும் படங்களும் பட்டியலின் அடியில் இருந்தன. பல இடங்களில் நாளின் பெரும்பகுதி இன்றும் அதற்கே போகிறது.

கூடவே உங்களுக்கென்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். சிகிச்சைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: சேர்ந்த தேதி, என்ன கொடுத்தோம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதத்தில் எப்படி இருக்கிறார். ஃபோனில் தொடர்பு கொள்ளவும், அவர் எடுக்காவிட்டால் வீட்டில் யாரிடம் கேட்கலாம் என்பதற்கும் முதல் நாளே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பதில் கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடாமல் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் கணக்குப் போடும்போது அந்தத் ‘தெரியவில்லை’களையும் சேர்த்தே வகுங்கள்.

அப்படி நான் கூப்பிட்ட முதல் பட்டியலில், பாதியில் போய்விட்ட ஒருவர் இரண்டாவது மணியிலேயே ஃபோனை எடுத்தார். யார் என்று சொன்னதும், “நான் திரும்ப வரலாமா சார்?” என்று கேட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார்.